மார்மன் வேட்பாளர் எழுத வேண்டிய பரீட்சை

2012 அக்டோபர் 11ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட மீதமில்லாத நிலையில், குடியரசுக் கட்சி வேட்பாளரும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்தவருமான மிட் ராம்னி வட கரோலினாவின் மலைப்பகுதியில் உள்ள மான்ட்ரீட் என்ற சிற்றூருக்குப் போய், அப்போது தொண்ணூற்று மூன்று வயதாகியிருந்த சுவிசேஷகர் பில்லி கிரகாமைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். புகைப்படங்கள் நாளிதழ்களில் வந்தன. அடுத்த சில நாட்களில் கிரகாமின் ஊழிய நிறுவனத்து இணையதளத்திலிருந்து ஒரு பக்கம் காணாமல் போனது. யெகோவா சாட்சிகள், சயன்டாலஜி போன்றவற்றோடு மார்மன்களையும் சேர்த்து ‘கல்ட்’ (வழிதவறிய போலி மதக் குழு) என்று பட்டியலிட்டிருந்த பக்கம் அது. தேர்தல் நேரத்தில் அரசியலாகிவிட்ட ஓர் இறையியல் விவாதத்தில் தாங்கள் கலந்துகொள்ள விரும்பவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

அந்தப் பட்டியல் தவறு என்று நிறுவனம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மார்மன் சபையின் போதனையும் அந்த வாரத்தில் மாறிவிடவில்லை. எதிரணியில் பராக் ஒபாமா நின்றார், அவரைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே மனிதர் மார்மனாக இருந்தார், அவ்வளவுதான். மார்மன்கள் மீதான வெறுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது ராம்னிக்கு எத்தனை வாக்குகளை இழக்க வைத்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரு மனிதர் பொதுவாழ்வுக்குள் நுழையும்போதே தன்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதை விழுங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில்தான் அந்த வெறுப்பு தன் வேலையைச் செய்து முடிக்கிறது என்பது என் எண்ணம்.

நான் வசிக்கும் டாலஸ் புறநகரில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் எனக்கு நண்பர். ஊரில் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர். இங்கே பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறார். 2012இன் தொடக்கத்தில் ராம்னியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “அவங்க துர்உபதேசக் கூட்டம் அண்ணே, அவங்க சொல்ற இயேசு வேற, நம்ம இயேசு வேற” என்று தயங்காமல் சொன்னார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் வேறொருவருக்கு வாக்களித்தார். நவம்பரில் விசாரித்தபோது ராம்னிக்குத்தான் போட்டதாகச் சொன்னார். “நாட்டுக்கு பிரசிடென்டைத்தானே அண்ணே எடுக்கறோம், சபைக்குப் பாஸ்டரையா எடுக்கறோம்?” மிக நியாயமான கேள்வி. அதே நியாயம் ஆறு மாதத்துக்கு முன்பு எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. நட்பில் சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் உண்டு.

அவருடைய இறையியல் ஆட்சேபணையைக் குறைத்துச் சொல்வதும் சரியல்ல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தைப் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஏற்கும் வடிவில் மார்மன்கள் ஏற்பதில்லை. வேதாகமத்துக்கு இணையாக மார்மன் புஸ்தகத்தையும் வேதமாகக் கொள்கிறார்கள். உயிரோடிருக்கும் ஒரு தீர்க்கதரிசி தங்கள் சபையை நடத்துவதாக நம்புகிறார்கள். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’ என்பது அந்தச் சபையின் முழுப்பெயர் என்றாலும், அதைக் கிறிஸ்தவம் என்று ஏற்க முடியாது என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர் பிரசங்க மேடையில் சொல்வதற்கு முழு உரிமை உண்டு. மதம் என்று ஒன்று இருந்தால் எல்லைக்கோடும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கோட்டை அப்படியே வாக்குச்சாவடிக்குள் இழுத்துக்கொண்டு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மார்மன்களின் வரலாற்றில் இது கிட்டத்தட்ட ஆரம்பம் முதலே நடந்திருக்கிறது.

1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை, சில ஆண்டுகளில் மிசூரிக்குப் பரவி, 1833இல் அங்கே ஜாக்சன் கவுண்டியிலிருந்து விரட்டப்பட்டு, வடக்கே நகர்ந்து குடியேறியது. 1838 ஆகஸ்ட் 6ஆம் தேதி கேலட்டின் என்ற ஊரில் தேர்தல் நாள். மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட வில்லியம் பெனிஸ்டன், மார்மன்களின் வாக்கு தனக்கு விழாது என்று தெரிந்துகொண்டு, இவர்களை வாக்களிக்க விடக் கூடாது என்று கூட்டத்தைத் தூண்டிப் பேசினார். தடிகளோடு கைகலப்பு நடந்தது. அந்தச் சச்சரவு சில வாரங்களில் ஆயுதச் சண்டையாகப் பெருகி, அக்டோபர் 27ஆம் தேதி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் பிறப்பித்த ஆணையில் போய் முடிந்தது: மார்மன்களை எதிரிகளாக நடத்த வேண்டும், பொது அமைதிக்குத் தேவையென்றால் அவர்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் பத்து வயதுச் சிறுவன். அந்த ஆணையை 1976இல்தான் ஆளுநர் கிட் பாண்ட் முறைப்படி ரத்து செய்தார்.

மார்மன்கள் தரப்பில் எல்லாரும் ஒன்றும் அறியாத அப்பாவிகள் என்று எழுதினால் அது வரலாறாக இருக்காது. அதே ஆண்டு ஜூலை 4ஆம் தேதி ஸ்மித்தின் சகா சிட்னி ரிக்டன், தங்கள்மேல் கும்பல் பாய்ந்தால் அது அழித்தொழிப்புப் போராகவே இருக்கும் என்று மேடையில் முழங்கியிருந்தார். பிறகு இலினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவர்கள் எழுப்பிய நாவூ நகரத்தில் ஸ்மித்தே தீர்க்கதரிசி, அவரே மேயர், அவரே நகரப் படையின் தளபதி. சபை ஒரே கட்டாக வாக்களித்ததால் இரண்டு கட்சிகளும் முதலில் அவர்களைத் தேடி வந்தன. பிறகு இரண்டுமே அஞ்சின. நாம் ‘வாக்கு வங்கி’ என்று எரிச்சலோடு சொல்கிறோமே, அதே எரிச்சல்தான். 1844இல் ஸ்மித் அதிபர் தேர்தலுக்கே வேட்பாளராக நின்றார். பொதுநிலங்களை விற்று வரும் பணத்தில் ஈடு கொடுத்து 1850க்குள் அடிமைகளை விடுவிக்கலாம் என்பது அவருடைய திட்டங்களில் ஒன்று. அந்த ஜூனில், தன்னை விமர்சித்த ஒரு செய்தித்தாளின் அச்சகத்தை நகர மன்றத்தின் ஆணைகொண்டு அழிக்கச் செய்தார். அதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தபோது, ஜூன் 27ஆம் தேதி, கார்த்தேஜ் சிறைச்சாலையில் ஒரு கும்பல் அவரையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் விடுதலையானார்கள். மூன்று அதிகாரங்களை ஒருவர் கையில் வைத்திருப்பது ஆபத்து என்ற அச்சம் நியாயமானது. அதற்காகச் சிறைக்குள் புகுந்து கொல்வதற்கு அந்த நியாயம் உதவாது. இந்த இரண்டும் பின்னிப் பிணைந்தே வந்திருப்பதால்தான் மார்மன் வெறுப்பைப் பற்றி நிதானமாகப் பேசுவது கடினமாக இருக்கிறது. 1857இல் தெற்கு யூட்டாவின் மௌன்டன் மெடோஸ் என்ற இடத்தில் சுமார் 120 பயணிகளைக் கொன்றது மார்மன் படையினரே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு மார்மன்கள் மேற்கே யூட்டாவுக்குப் போனார்கள். அங்கே 1852இல் பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது. நான்கே ஆண்டுகளில், புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சியின் முதல் தேசியத் தேர்தல் அறிக்கை, பலதார மணத்தையும் அடிமைமுறையையும் காட்டுமிராண்டிக் காலத்தின் இரட்டை எச்சங்கள் என்று வர்ணித்தது. இன்று யூட்டா எந்தக் கட்சியின் கோட்டையோ, அந்தக் கட்சி பிறக்கும்போதே மார்மன் எதிர்ப்பையும் கையில் ஏந்திக்கொண்டுதான் பிறந்தது. பலதார மணத்தைத் தடைசெய்த 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்ற மார்மன் செய்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1879இல் அளித்த தீர்ப்பு, இந்தியர்களாகிய நாம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம். மத நம்பிக்கை என்ற பெயரில் செய்வதையெல்லாம் அரசு அனுமதிக்க முடியாது என்பதற்கு உதாரணமாக, கணவனின் சிதையில் மனைவி ஏறுவதைத் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் எடுத்துக்காட்டினார். அது வலுவான வாதம். அதோடு அவர் நிற்கவில்லை. மார்மன் சபை தோன்றும்வரை பலதார மணம் ஏறக்குறைய ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வாழ்க்கைக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்றும், வடக்கு, மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அது எப்போதுமே அருவருப்பானது என்றும் எழுதினார். நியூ இங்கிலாந்திலும் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் வேர்கொண்ட ஒரு வெள்ளைச் சமூகம், ஒரு வாக்கியத்தில் ஆசியாவுக்கு நாடுகடத்தப்பட்டது. ஒருவரை நம்மவர் அல்லர் என்று நிறுவ வேண்டுமானால், அவரை எங்களோடு சேர்த்துவிட்டால் போதும் என்று அன்றைய அமெரிக்கா நினைத்திருக்கிறது.

இதற்கிடையில் 1870இல் யூட்டா தன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பலதார மணத்தை அந்தப் பெண்களே வாக்குகொண்டு ஒழித்துக்கட்டுவார்கள் என்று கிழக்கே இருந்த சீர்திருத்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். பெண்கள் அப்படி வாக்களிக்கவில்லை. 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டத்தின் வழியாக அந்த வாக்குரிமையைப் பறித்தது. சபையின் சட்டபூர்வமான அமைப்பையும் கலைத்தது.

பக்கத்து ஐடஹோவில் நடந்தது இன்னும் துல்லியமானது. அங்கே வாக்காளர் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது: பலதார மணம் செய்தவனல்லேன் என்பதோடு, அதைப் போதிக்கும் சபையின் உறுப்பினனும் அல்லேன் என்று சொல்ல வேண்டும். பெரும்பான்மையான மார்மன் ஆண்களுக்கு ஒரே மனைவிதான். ஒரு குற்றமும் செய்யாத அவர்களும் சபைப் பதிவேட்டில் பெயர் இருந்த காரணத்தால் வாக்கிழந்தார்கள். எந்தப் பதவிக்கும் மதத் தேர்வு வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு சொல்லும் நாட்டில், 1890இல் டேவிஸ் எதிர் பீசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உறுதிமொழியை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஐடஹோ மார்மன்கள் அப்போது ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துக்கொண்டிருந்தவர்கள் என்பது தற்செயலானதல்ல. பலதார மணக்காரர்களைத் துரத்திப் பிடித்த மத்திய மார்ஷல் ஃப்ரெட் டுபுவா, அந்தப் புகழை ஏணியாக்கி நாடாளுமன்றம் வரை ஏறினார். வெறுப்பு என்றால் மனதில் இருக்கும் ஓர் உணர்ச்சி என்றுதான் நினைக்கிறோம். ஐடஹோவில் அது எண்ணிக்கை, தொகுதி, பதவி எல்லாம் கொண்ட ஒரு திட்டமாக இருந்தது.

1890 செப்டம்பரில் சபைத் தலைவர் வில்பர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார்; 1896இல் யூட்டா மாநிலமானது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 1903இல் ரீட் ஸ்மூட் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது பதில் கிடைத்தது. ஸ்மூட்டுக்கு ஒரே மனைவி. ஆனால் சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் அவரும் ஒருவர். அவரை வெளியேற்றக் கோரி நாடு முழுவதிலுமிருந்து மனுக்கள் மூட்டை மூட்டையாக வாஷிங்டனுக்கு வந்தன. கையெழுத்துகள் முப்பது லட்சத்தைத் தாண்டின என்று சொல்வார்கள். செனட் குழு 1904இல் விசாரணையைத் தொடங்கியது. முதலில் கூண்டேறியவர்களில் ஒருவர் சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித். தனக்கு ஐந்து மனைவியர் உண்டு என்றும், 1890 அறிக்கைக்குப் பிறகும் அவர்களிடம் தனக்குப் பதினொரு குழந்தைகள் பிறந்தார்கள் என்றும் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த விசாரணை வெறும் மதவெறி நாடகம் என்று சொல்ல முடியாதபடி செய்தது இந்த ஒப்புதல்தான். சபை சொன்ன சொல்லை முழுதாகக் காப்பாற்றவில்லை. அந்த வெட்கத்தில் அந்த ஆண்டே இரண்டாவது அறிக்கையும் வந்தது. ஆனால் கேள்விகள் அங்கே நிற்காமல் கோயிலுக்குள் என்ன சத்தியம் செய்கிறீர்கள், தீர்க்கதரிசி சொன்னால் நாட்டின் சட்டத்தை மீறுவீர்களா என்று ஸ்மூட்டின் தனிமனித விசுவாசத்துக்குள் நீண்டுகொண்டே போயின. அவருக்கு எதிராக முன்வரிசையில் நின்றவர்களில் ஐடஹோவின் டுபுவாவும் ஒருவர். மூன்று ஆண்டுகள் இழுத்து, 1907 பிப்ரவரியில் செனட் அவரை வெளியேற்ற மறுத்தது. அவர் 1933 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இன்று அவர் பெயரை நினைவுகூர்கிறவர்கள், பொருளாதாரப் பெருமந்தத்தை மோசமாக்கியதாகப் பொருளியலாளர்கள் குறைசொல்லும் 1930ஆம் ஆண்டு ஸ்மூட்–ஹாலி இறக்குமதி வரிக்காகவே நினைவுகூர்கிறார்கள். ஓர் அரசியல்வாதி தன் கொள்கைக்காகத் திட்டு வாங்குவது எவ்வளவு ஆரோக்கியமான விஷயம் என்று எனக்கு அங்கே தோன்றும்.

அதன் பிறகு நீண்ட அமைதி. எஸ்ரா டாஃப்ட் பென்சன் அப்போஸ்தலராக இருந்துகொண்டே ஐசனோவரின் விவசாய அமைச்சராக எட்டு ஆண்டுகள் இருந்தார். மிட் ராம்னியின் தந்தை ஜார்ஜ் ராம்னி 1968 தேர்தலில் களமிறங்கி, வியட்நாம் பற்றி உளறிய ஒரு வார்த்தையால் கவிழ்ந்தாரே ஒழிய மதத்தால் அல்ல. கறுப்பினத்தவர்களுக்குக் குருத்துவம் மறுக்கும் விதியைச் சபை 1978 வரை வைத்திருந்தது. அது குறித்த கேள்விகள் முழுக்க நியாயமானவை, ஏனென்றால் அவை பொதுநீதி சார்ந்தவை. ஆனால் அந்தக் கேள்வியும் ஆயுதமாகக் கூடியதே. 1976இல் மிச்சிகன் முதல்நிலைத் தேர்தலில், சபையை விட்டு எப்போதோ விலகிவிட்ட ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர் மோ யூடல்மீது டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங் அதே சபையின் பெயரைச் சொல்லி அடித்தார். 1994இல் மாசசூசெட்ஸ் செனட் தேர்தலில் ராம்னி, அதிபர் ஜான் கென்னடியின் தம்பி டெட் கென்னடியை எதிர்த்தபோது, கென்னடியின் அண்ணன் மகன் மார்மன் சபையின் இனவிதியைக் கிளப்பி, அது பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டது என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். கத்தோலிக்கர் அதிபராகலாமா என்ற கேள்வியை எதிர்த்து நின்று வென்ற குடும்பத்திலிருந்து அந்தக் கல் வந்தது என்பதை ராம்னியும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

2007 டிசம்பர் 6ஆம் தேதி டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷனில் ராம்னி ஆற்றிய உரை, 1960இல் ஜான் கென்னடி ஹூஸ்டன் போதகர்கள் முன்னால் ஆற்றிய உரையை மனதில் வைத்து எழுதப்பட்டது. ‘மார்மன்’ என்ற சொல் அந்த உரை முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வந்தது. வேட்பாளர் தன் சபையின் கோட்பாடுகளை விளக்க வேண்டும் என்று கேட்பது, நாட்டை நிறுவியவர்கள் தடைசெய்த மதத் தேர்வையே நடத்துவதாகும் என்று அவர் அழகாக வாதிட்டார். ஆனால் அதே உரையில், இயேசு கிறிஸ்து தேவகுமாரன், மனுக்குலத்தின் இரட்சகர் என்று தான் நம்புவதாகவும் அறிக்கை செய்தார். கேள்வியே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டார். பதில் போதவில்லை. அதே மாதத்தில், முதல்நிலைப் போட்டி முதலில் தொடங்கும் அயோவாவில் அவருடைய முக்கியப் போட்டியாளரும் முன்னாள் பாப்டிஸ்ட் போதகருமான மைக் ஹக்கபி, இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்றுதானே மார்மன்கள் நம்புகிறார்கள் என்று ஒரு நிருபரிடம் அப்பாவியாகக் கேட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஜனவரி 3ஆம் தேதி இவாஞ்சலிக்கல் (சுவிசேஷகக் கிறிஸ்தவ) வாக்காளர்களின் பலத்தில் ஹக்கபி அயோவாவை வென்றார். தடுக்க வேண்டிய இடத்தில் தடுத்தாகிவிட்டது.

கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் இதற்குத் துணைநிற்கின்றன. தன் கட்சியே நிறுத்தினாலும் மார்மனுக்கு வாக்களிக்க மாட்டேன் என்றவர்கள் 1967இல் 17 விழுக்காடு, 2007இல் 24, 2011இல் 22. கத்தோலிக்கர் மீதான இதே மறுப்பு 1950களின் இறுதியில் ஏறக்குறைய கால்பங்காக இருந்து, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. மார்மன்களின் எண் நாற்பது ஆண்டுகளாகியும் இறங்கவே இல்லை.

2011 அக்டோபரில் டாலஸ் நகரத்து போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், வாஷிங்டனில் ராம்னியின் போட்டியாளரான டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியை மேடையில் அறிமுகப்படுத்திவிட்டு வெளியே வந்து நிருபர்களிடம் மார்மன் சபையைக் கல்ட் என்றார். ஆனால் ஒபாமாவுக்கு எதிராக ராம்னி நின்றால் ராம்னிக்கே வாக்களிப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னார். என் பாளையங்கோட்டை நண்பரின் கணக்கும் இதுவே. நவம்பர் 2012இல் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 79 விழுக்காட்டினர் ராம்னிக்கு வாக்களித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே கட்சியின் வேட்பாளர் மெக்கெய்னுக்கு விழுந்ததைவிட அது அதிகம். இதைப் பார்த்து வெறுப்பு தோற்றது என்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் ராம்னி என்ன ஆனார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாஸ்டன் பகுதியில் அவர் பல ஆண்டுகள் சம்பளமில்லாத ஆயராகவும், அதற்கு மேல்நிலைப் பொறுப்பிலும் ஊழியம் செய்தவர். பணக்கார முதலீட்டு நிறுவனக்காரர், மனிதர்களோடு ஒட்டாதவர் என்று எதிர்க்கட்சி அவரை வரைந்துகொண்டிருந்தபோது, மறுப்புச் சொல்ல அவர் கையில் இருந்த ஒரே சான்று அந்த ஊழியம். ஆனால் அதைப் பேசினால் சபையைப் பேச வேண்டும். சபையைப் பேசினால் மார்மன் புஸ்தகம் பொறிக்கப்பட்டிருந்ததாக அவர்கள் நம்பும் பொன் தகடுகளும், விசுவாசத்தின் அடையாளமாக அவர்கள் அணியும் உள்ளாடைகளும் பேச்சாகும். ஆகவே அவர் பேசவில்லை. தம்பா நகரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டின் கடைசி இரவில்தான் வயதான தம்பதியர் ஒருவர் மேடையேறினார்கள். 1979இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவர்களுடைய பதினான்கு வயது மகன், ராம்னி சட்டம் படித்தவர் என்று தெரிந்து, தனக்கு உயில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறான். ராம்னி மஞ்சள் தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், சிறுவன் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்: ஸ்கேட்போர்டு, பொம்மை ராக்கெட்டுகள், மீன்பிடி சாமான்கள் எல்லாம் எந்தெந்த நண்பனுக்கு என்று. பிறகு அவனுடைய அடக்க ஆராதனையில் அவரே பேசினார். தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தபோது, அதுவும் தொலைக்காட்சிகளின் முக்கிய நேரத்துக்கு முன்பாக, இந்தக் கதை சொல்லப்பட்டது. நான் ராம்னிக்கு ஆதரவாளன் அல்லன். அவருடைய பொருளாதாரக் கொள்கை எனக்கு இன்றும் ஒவ்வாது. இருந்தாலும் அந்த மனிதரை நாடு பார்க்காமலே ஒரு தேர்தல் முடிந்துபோனது என்று நினைக்கிறேன்.

இது வலதுசாரி மதவாதிகளின் பிரச்சினை மட்டும்தான் என்று என் தாராளவாத நண்பர்கள் ஆறுதலடைவதைப் பார்த்திருக்கிறேன். 2011 கேலப் கணிப்பில் மார்மனுக்கு வாக்களிக்க மறுத்தவர்கள் குடியரசுக் கட்சியினரில் 18 விழுக்காடு, ஜனநாயகக் கட்சியினரில் 27. செனட்டில் அப்போது ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை வகித்த ஹாரி ரீட் ஒரு மார்மன் என்பது அவர்களில் பலருக்கு நினைவில்கூட இருந்திருக்காது. 2008இல் கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் முன்மொழிவுக்கு ஆதரவாக சபை தன் உறுப்பினர்களின் பணத்தையும் நேரத்தையும் திரட்டியது. அது தவறு என்பது என் கருத்து. அதற்காகச் சபையின் வாசலில் நின்று முழக்கமிடுவதும் முறையான அரசியலே. ஆனால் அப்போது ஒளிபரப்பான ஒரு விளம்பரத்தில், இரண்டு மார்மன் ஊழியக்காரர்கள் ஒரு பெண் தம்பதியின் வீட்டுக்குள் புகுந்து, மோதிரங்களைக் கழற்றி, திருமணச் சான்றிதழைக் கிழித்துவிட்டுப் போவார்கள். சபையின் கொள்கையை விட்டுவிட்டு, அதன் ஆகச் சாதாரண உறுப்பினனின் உருவத்தை அது பயங்கரமாக்கியது.

அந்த உருவத்தை நான் அறிவேன். என் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கோடையில், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார்கள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அம்மா உடனே டபரா டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார். தங்கள் சபையில் காபி, தேநீர், மது எதுவும் கூடாது என்று அவர்கள் கூச்சத்தோடு மறுத்தார்கள். “காபி குடிக்கக் கூடாதுன்னு ஒரு மதமா?” என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. மோர் கொடுத்தார், பெருங்காயம் போட்டு. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தான். இரண்டு வருட ஊழியத்தில் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு தொலைபேசியில் பேசலாம் என்று அன்றைக்கு விதி இருந்தது. 2019இல்தான் அது தளர்ந்தது. அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா அவர்களுக்கு இரவு உணவும் பரிமாறினார். மதமாற்றம் பற்றிய பேச்சு ரசத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

தேவைக்காக அடக்கிவைக்கப்பட்ட வெறுப்பு தேவை தீர்ந்ததும் எங்கும் போய்விடாது. 2016இல் தன்னை எதிர்த்த ராம்னியைப் பற்றி, சால்ட் லேக் நகரத்திலேயே நின்று, “அவர் மார்மன்தானா, உறுதியா?” என்று டிரம்ப் கேட்டார். 2018இல் ஜெருசலேம் தூதரகத் திறப்பில் ஜெபிக்க ஜெஃப்ரஸ் அழைக்கப்பட்டபோது, ராம்னி அவரை மதவெறியர் என்று வெளிப்படையாக எழுதினார். 2011இல் இவ்வளவு கூர்மையாக அவர் பேசவில்லை. 2018இல் அவர் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது மார்மன்கள் பெரும்பான்மையாக உள்ள யூட்டாவில். செனட்டரான பிறகு, 2020 பிப்ரவரி 5ஆம் தேதி பதவிநீக்க விசாரணையில் டிரம்பைக் குற்றவாளி என்று வாக்களித்தபோது, தான் ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ளவன் என்றும், கடவுளின் முன்னால் செய்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன் என்றும் செனட்டில் தழுதழுத்துச் சொன்னார். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத பிறகே அவரால் தன் மதத்தை முழுக் குரலில் பேச முடிந்தது. மறுநாள் காலை தேசிய ஜெப விருந்தில் டிரம்ப், தவறென்று தெரிந்தே செய்வதற்கு மதத்தைச் சாக்காகக் காட்டுகிறவர்களைத் தனக்குப் பிடிக்காது என்றார். 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, மிச்சிகனின் கிராண்ட் பிளாங்கில் மார்மன் ஆலயத்தில் வண்டியை மோதி, சுட்டு, தீவைத்து ஒருவன் நான்கு பேரைக் கொன்றான். சில நாட்களுக்கு முன்பு வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டிய உள்ளூர் வேட்பாளர் ஒருவரிடம் அவன் மார்மன்களை அந்திக்கிறிஸ்து என்று பேசியிருந்தது பிறகு வெளியே வந்தது.

ராம்னி எழுதிய அந்த விடைத்தாள் இப்போது நம்மவர்கள் கைக்கும் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அயோவாவில் நடந்த தொலைக்காட்சிக் கூட்டத்தில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமியிடம் ஒரு வாக்காளர், உங்கள் மதம் இந்த நாட்டை நிறுவியவர்களின் மதமல்லவே, நீங்கள் எப்படி அதிபராக முடியும் என்பவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டார். தான் இந்து என்பதை மறைக்கப் போவதில்லை என்று அவர் சொன்னது மதிக்கத்தக்கது. ஆனால் அடுத்த மூச்சிலேயே கிறிஸ்தவப் பள்ளியில் படித்ததையும் பத்துக் கட்டளைகளையும் இரண்டு மதங்களுக்கும் பொதுவான விழுமியங்களையும் வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. அதே பிரச்சாரத்தில் இன்னொரு முக்கிய வேட்பாளரான ரான் டிசான்டிஸ் கத்தோலிக்கர்; கென்னடி ஹூஸ்டனில் நின்று பதில் சொன்ன அந்தக் கேள்வி அவருக்கு ஒரு தடையாகப் பேசப்படவே இல்லை.